மனித எதிர்ப்புச் சக்தியைச் சுமக்கும் சுண்டெலி: டெல்டாவில் இருந்து ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊரில் எலி என்றால் தஞ்சாவூர் கிட்டிதான் நினைவுக்கு வரும். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டி, சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு வந்தால் விடியும்போது எலி மாட்டியிருக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எலி வெட்டிச் சாய்த்த பயிரைப் பார்த்து வளர்ந்தவள் நான். பின்னாளில் எனக்கு அமைந்த வேலை, வடிகட்டிய காற்றும் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கிய தண்ணீரும் கொடுத்துச் சுண்டெலிகளைக் காப்பாற்றும் வேலை. அந்த எலிகளின் உடம்புக்குள் ஓடியது மனித ரத்தச் செல்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மயிலாடுதுறைப் பக்கம் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. “அக்கா, போன முதல் நாளே ஹியூமனைஸ்டு எலி வேலை உனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்றாள். மனித எதிர்ப்புச் சக்திச் செல்களை உள்ளே வாழவைத்த எலிக்குத்தான் அந்தப் பெயர். திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் கல்லூரிகளில் படித்துவிட்டு, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கும் இது உதவும்.

இந்த எலி எதற்கு

சாதாரணச் சுண்டெலியின் எதிர்ப்புச் சக்தியும் நம்முடையதும் பல இடங்களில் வேறுபடும். எச்ஐவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான நம் டி செல்லின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. எலியின் சிடி4 அதற்குப் பிடி கொடுக்காது. அதனால் சாதாரண எலியில் எச்ஐவி மருந்தைச் சோதிக்க வழியில்லை. மனித டி செல்கள் வாழும் எலி இருந்தால் வழி உண்டு.

இன்னொரு சம்பவத்தையும் இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற புதிய மருந்தை ஆரோக்கியமான 6 இளைஞர்களுக்கு முதல் முறையாகச் செலுத்தினார்கள். குரங்குகளுக்குக் கொடுத்தபோது ஆபத்து தெரியவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்ததோ, விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் டி செல்கள் கட்டுக்கடங்காமல் கிளம்பி, ஒரு நாளுக்குள் உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள் என்பது பெரிய ஆறுதல். மனித டி செல்கள் உள்ள எலிகளில் இப்படிப்பட்ட மருந்துகளை முன்கூட்டியே சோதிக்கும் வழக்கம் வலுப்பட்டதற்கு அந்த நாளும் ஒரு காரணம். நீங்கள் கூண்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆறு பேரும் உங்கள் மனதில் இருக்கட்டும்.

முதலில் கேள்வி, அப்புறம் எலி

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, “எந்த எலி வாங்கலாம்?” என்று ஆரம்பிப்பது. நிலத்தையும் தண்ணீரையும் பார்க்காமல் யாராவது விதை வாங்குவார்களா? எந்தச் செல்லைப் பற்றி, எத்தனை நாள், எந்தக் கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் இரண்டு வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் எலி வாங்க நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

வழிகள் மூன்று. முதலாவது, வயதுவந்த ஒருவரின் ரத்தத்தில் இருந்து வெள்ளணுக்களைப் பிரித்து எலிக்குச் செலுத்துவது. ஓர் எலிக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி செல்கள் வரை போகும். ஓரிரு வாரத்திலேயே மனித டி செல்கள் பெருகிவிடும். ஆனால் அந்த டி செல்கள் எலியின் உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்கத் தொடங்கும். சில வாரங்களில் எலி நோயில் விழுந்துவிடும். அவசரக் கேள்விகளுக்கு, டி செல் மட்டும் போதும் என்ற கேள்விகளுக்கு இது சரி.

இரண்டாவது, தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் சிடி34 என்ற அடையாளம் கொண்ட மூலச் செல்களைச் செலுத்துவது. இவை எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கி, அங்கிருந்து புதிதாக, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல், டி செல் எல்லாம் உருவாகி வரும். இதற்கு 12 முதல் 16 வாரம் ஆகும். குறுவை நட்டு அறுக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் பல மாதம் வேலை செய்யலாம். முதல் முறை வருகிறவர்கள் கற்றுக்கொள்ள இதுதான் நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, மூலச் செல்லோடு மனிதக் கருவின் கல்லீரல் திசுவையும், டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸின் திசுவையும் சேர்த்து வைக்கும் முறை. அறிவியலில் வலுவானது, எச்ஐவி ஆய்வில் நிறையப் பயன்படுகிறது. ஆனால் அந்தத் திசு எங்கிருந்து வருகிறது, எந்தச் சம்மதத்தோடு வருகிறது என்பது கனமான விஷயம். அனுபவம் உள்ள குழுவோடு அல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்த எலி

மனிதச் செல் எலிக்குள் வாழ வேண்டுமானால் எலியின் சொந்த எதிர்ப்புச் சக்தி இருக்கக் கூடாது. இது ஒரே நாளில் கிடைத்த வசதி அல்ல. 1983இல் பிலடெல்பியாவில் பாஸ்மா தம்பதியின் ஆய்வகத்தில், டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணு ஒன்று கெட்டுப்போய், டி செல்லும் பி செல்லும் இல்லாமல் பிறந்த எலிகள் கண்ணில் பட்டன. ஸ்கிட் எலி என்று அதற்குப் பெயர். 1988இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் அந்த எலிக்குள் மனிதச் செல்களை வாழவைத்துக் காட்டின. ஆனாலும் அந்நியச் செல்களைக் கொல்லும் எலியின் என்கே செல்கள் மிச்சமிருந்து தொந்தரவு கொடுத்தன. ஐஎல்2ஆர்ஜி என்ற மரபணுவையும் நீக்கிய பிறகுதான் அந்தத் தடையும் விலகியது. 2002இல் ஜப்பானில் என்ஓஜி, 2005இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் என்எஸ்ஜி என்று இரண்டு வகைகள் வந்தன. இன்று பெரும்பாலும் புழங்குவது இவையும் இவற்றின் வாரிசுகளும்தான்.

இந்த இரண்டுக்கும் அடிப்படை என்ஓடி என்ற ஜப்பானிய எலி வகை. அதில் ஓர் அதிர்ஷ்டமான விஷயம் இருக்கிறது. நம் செல்களின் மேல் சிடி47 என்ற புரதம் உண்டு, ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் அடையாளம் அது. மற்ற எலிகளின் விழுங்கு செல்கள் மனிதனின் அந்த அடையாளத்தைச் சரியாகப் படிக்காது. என்ஓடி எலியின் விழுங்கு செல்கள் நன்றாகவே படிக்கும். வந்தது நம்மவர்தான் என்று விட்டுவிடும். மனிதச் செல் வேர் பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி, விழுங்கு செல்கள் போன்ற மைலாய்டு செல்களைப் பற்றியது என்றால் சாதாரண என்எஸ்ஜி போதாது. மனித வளர்ச்சிப் புரதங்களைத் தானே சுரக்கும்படி மாற்றிய என்எஸ்ஜி-எஸ்ஜிஎம்3, மிஸ்ட்ரிஜி போன்ற வகைகளைப் பாருங்கள்.

அனுமதிகள்

இதை முதல் வாரமே தொடங்குங்கள். நாற்றங்கால் தயாராவதற்குள் வாய்க்காலை வெட்டி வைப்பதுபோல.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் கீழ் மத்திய அரசின் குழு ஒன்று விலங்குப் பரிசோதனைகளை மேற்பார்வை செய்கிறது. முன்பு சிபிசிஎஸ்இஏ என்று அழைத்தார்கள், இப்போது சிசிஎஸ்இஏ. உங்கள் நிறுவனம் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனத்துக்குள் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும். அதில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, அறிவியல் துறை சாராத ஒருவர், மத்தியக் குழு நியமித்தவர் எல்லாம் இருப்பார்கள். பரிசோதனைக்கான விண்ணப்பமான படிவம் பி நிரப்பி அவர்கள் முன் போக வேண்டும். இது மரபணு மாற்றிய எலி என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். மனித ரத்தம் வருவதால் மனித ஆய்வு நெறிமுறைக் குழு தனி. மூலச் செல் என்றால் அதற்கென்று உள்ள குழுவையும் கேட்க வேண்டும். கதிர்வீச்சுக் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. எலியை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் இறக்குமதி அனுமதியும், எலியை உருவாக்கியவர்களோடு ஒப்பந்தமும் சேரும்.

படிவத்தில் ‘விலங்கு இல்லாமல் இதைச் செய்ய முடியாதா?’ என்ற கேள்வி வரும். பலர் அதற்கு ஒரு வரி எழுதிக் கடந்துபோகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகள்தான் அந்தக் கேள்விக்கு வேர்: மாற்று வழி இருந்தால் எடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. 2023இல் நம் நாட்டின் புதிய மருந்துகள் விதிகளையும் திருத்தி, விலங்கு அல்லாத சோதனை முறைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் வளர்த்த மனிதச் செல்லிலேயே பதில் கிடைக்கும் கேள்வியை எலியிடம் கொண்டுபோகக் கூடாது. நான் ஒருமுறை அந்தக் கட்டத்தை உண்மையாக நிரப்ப உட்கார்ந்து, திட்டத்தில் பாதி எலிகள் தேவையில்லை என்று கண்டுகொண்டேன்.

தாயிடம் கேட்பது

எனக்கு இந்த வேலையில் மிகவும் நெருக்கமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொப்புள்கொடி நம் ஊரில் வெறும் கழிவு அல்ல. விழுந்த கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டும் வீடுகள் இன்றும் உண்டு. நஞ்சுக்கொடியை மண்ணில் புதைக்கும் வழக்கமும் உண்டு. அந்த ரத்தத்தைக் கேட்டுப் போகிறவர் இந்த மரியாதையோடு போக வேண்டும்.

பிரசவ வலி வந்த பிறகு கேட்காதீர்கள். மாதப் பரிசோதனைக்கு வரும்போதே, உட்காரவைத்து, தாயிடமே பேசுங்கள். கூட வந்த மாமியார் தலையாட்டுவதும் கணவர் கையெழுத்துக்குப் பேனா எடுப்பதும் சம்மதம் ஆகாது. தாளில் இருக்கும் தமிழ் பல நேரம் நீதிமன்றத் தமிழாக இருக்கும். நான் இப்படிச் சொல்வேன்: “குழந்தை பொறந்து கொடியை வெட்டினப்புறம், நஞ்சுக்கொடியில கொஞ்சம் ரத்தம் மிச்சம் இருக்கும்மா. அதை எடுக்கிறதால உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. அதுல இருக்கிற செல்லைப் பிரிச்சு, ஆராய்ச்சிக்கு ஒரு சுண்டெலிக்குள்ள வைப்போம். உங்க பேரு, பிள்ளை பேரு எதுவும் அதுல வராது. வேண்டாம்னா வேண்டாம், உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது.”

‘எலிக்குள்’ என்ற வார்த்தையைச் சொல்லாமல் ‘ஆராய்ச்சிக்கு’ என்று மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எலி என்றதும் ஒரு தாய் முகம் சுளித்து, “எம்புள்ள ரத்தம் எலிக்கா? வேண்டாங்க” என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இன்னொருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த மருந்து நாளைக்கு எவ புள்ளையையாவது காப்பாத்துமா?” என்று கேட்டார். “காப்பாத்தலாம், உறுதியா சொல்ல முடியாதும்மா” என்றேன். கையெழுத்துப் போட்டார். இரண்டும் சரியான சம்மதப் பேச்சுகள்தான்.

பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுப்பது குழந்தைக்கு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்களுக்கு ரத்தம் வேண்டும் என்பதற்காகச் செவிலியரை அவசரப்படுத்தக் கூடாது. மிச்சம் இருப்பதுதான் உங்களுடையது.

ரத்தம் கைக்கு வந்ததும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி சோதனைகள் அவசியம். நீங்களும் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சோதனை வரும்வரை அந்தக் குப்பியில் தொற்று இருக்கிறது என்று நினைத்தே கையாளுங்கள்.

அறை

எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலிக்கு நம் மூச்சே பகையாகலாம். ஆகவே தனித்தனியாகக் காற்று போகும் கூண்டுகள், நுண்துகள் வடிகட்டி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கருவியில் 121 டிகிரியில் கிருமி நீக்கிய படுக்கை, தண்ணீர் என்று எல்லாமே கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உணவும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். நம் நாட்டில் பல விலங்குக் கூடங்களில் நெல் உமிதான் படுக்கை. டெல்டாவில் அரிசி ஆலை வாசலிலேயே உமி கிடைக்கும் என்பதால் ஆசை வரும். ஆனால் உமியில் தூசி அதிகம், இந்த எலிகளின் மூச்சுக்கு ஆகாது. தூசி நீக்கிய மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் துகள் நல்லது.

வெப்பம் 20 முதல் 26 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் மூடிய கூண்டுக்குள் எலி வெந்துவிடும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. டெல்டாவுக்குள்ளேயே இப்படி ஓர் அறை அமைக்க நினைக்கும் நிறுவனம் ஜெனரேட்டரோடு, பல நாளுக்கான டீசலையும், டேங்கர் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் திட்டத்திலேயே எழுத வேண்டும். அடித்தளத்தில் விலங்குக் கூடம் வேண்டவே வேண்டாம், ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறும்.

உள்ளே போகும் ஒழுங்கு ஒன்று உண்டு: சுத்தமான அறைக்கு முதலில், சாதாரண எலி அறைக்குக் கடைசியில். நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் ஒருநாள் இந்த வரிசை மாறியது. மாற்றியது நான்தான், ஒரே ஒரு காலைப் பொழுது. சில வாரம் கழித்து எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. கோரினிபாக்டீரியம் போவிஸ் என்ற கிருமி. சாதாரண எலிக்கு அது பெரிய தொல்லை தராது, இவற்றுக்கு அது பரவினால் விரட்டுவது பெரும்பாடு. 14 வாரம் காத்து வளர்த்த எலிகளை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அந்த ரத்தம் கொடுத்த தாயின் முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றிலிருந்து கதவில் வரிசையை எழுதி ஒட்டாமல் எந்த அறையிலும் நான் வேலை தொடங்குவதில்லை.

செல் நடும் நாள்

மஜ்ஜையில் மனிதச் செல் தங்குவதற்கு இடம் பண்ண வேண்டும். அதற்குத்தான் முதலில் சிறு அளவு கதிர்வீச்சு. என்எஸ்ஜி எலிக்கு டிஎன்ஏ பழுதுபார்க்கும் திறன் குறைவு என்பதால் மற்ற எலிகள் தாங்கும் அளவை இது தாங்காது. பொதுவாக 1 முதல் 1.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுக்கிறார்கள். கருவி வசதி இல்லாத இடங்களில் புசல்ஃபான் மருந்து. உங்கள் கருவியில் எந்த அளவு சரி என்பதைச் சில எலிகளில் பார்த்துத் தீர்மானித்த பிறகே முழு வேலைக்குப் போங்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளணுக்களில் சிடி34 செல்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். காந்தத் துகள் ஒட்டிப் பிரித்தெடுப்பார்கள். பிரித்த பிறகு எத்தனை சதவீதம் சுத்தம் என்று, செல்களை அடையாளம் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். டி செல் கலந்திருந்தால், முன்பு சொன்னதுபோல அவை எலியைத் தாக்கும் நோய் பிற்பாடு வரும். ஓர் எலிக்கு ஒரு லட்சம் செல்கள் என்பது வழக்கமான அளவு. பிறந்து ஓரிரு நாளான குட்டியின் கல்லீரலுக்குள் செலுத்தலாம், அல்லது மூன்று நான்கு வாரக் குட்டியின் வால் சிரையில். வாலை வெதுவெதுப்பாகச் சூடேற்றினால் சிரை தெளிவாகத் தெரியும். கை பழக நாள் ஆகும். அனுபவசாலி பக்கத்தில் நிற்க, முதலில் சாதாரண எலிக்கு உப்புநீர் செலுத்திப் பழகுங்கள். நாற்று நடப் பழகும் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் விடுவார்கள் இல்லையா, அதுபோல.

கதிர்வீச்சு மட்டும் வாங்கி, செல் வாங்காத சில எலிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு முடிவையும் அவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

வேர் பிடித்ததா

எட்டாவது வாரத்தில் ஒருமுறை, பன்னிரண்டாவது வாரத்தில் ஒருமுறை துளி ரத்தம் எடுத்துப் பாருங்கள். 25 கிராம் எலிக்கு மொத்த ரத்தமே சுமார் 2 மில்லிலிட்டர்தான். அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிலிட்டர் போதும்.

சிடி45 எல்லா வெள்ளணுவிலும் இருக்கும் அடையாளம். மனித சிடி45 எத்தனை, எலியின் சிடி45 எத்தனை என்று எண்ணி, இரண்டின் கூட்டுத்தொகையில் மனிதப் பங்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். பன்னிரண்டாவது வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேர் பிடித்தது என்று பல ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்புறம் உள்ளே பிரியுங்கள்: சிடி3 டி செல், சிடி19 பி செல், சிடி33 மைலாய்டு, சிடி56 என்கே. முதலில் பி செல்கள்தான் மேலே வரும், டி செல்கள் பின்னால் வரும். எட்டாவது வாரத்தில் டி செல் இல்லையே என்று பதற வேண்டாம்.

இந்தச் சதவீதம் எத்தனைக்குக் கீழ் இருந்தால் எலியை ஆய்வில் சேர்க்கமாட்டீர்கள் என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டுக் கோடு போடுவது நேர்மையல்ல.

ஒரு தாய், பத்து எலி

புதியவர்கள் கணக்கில் வழுக்கும் இடம் இது. ஒரு கொடியில் இருந்து கிடைக்கும் செல் பத்துப் பன்னிரண்டு எலிக்கு வரும். உடனே ‘எனக்குப் பன்னிரண்டு மாதிரிகள் உண்டு’ என்று எழுதுவார்கள். இல்லை. எதிர்ப்புச் சக்தி ஒருவருடையதுதான், அது பன்னிரண்டு எலியில் வாழ்கிறது, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கொடியின் எலிகளை எல்லாம் மருந்துப் பக்கமும், வேறொரு கொடியின் எலிகளை எல்லாம் மருந்தில்லாத பக்கமும் வைத்தோம். கூண்டு வசதிக்காக அப்படிச் செய்தது. வித்தியாசம் பிரமாதமாக வந்தது. குழுவே சந்தோஷப்பட்டது. மறுமுறை செய்தபோது வித்தியாசம் இல்லை. முதல் முறை நாங்கள் பார்த்தது மருந்தின் பலனை அல்ல, இரண்டு குழந்தைகளின் ரத்தத்துக்கு இடையில் இயல்பாகவே உள்ள வித்தியாசத்தை. ஊருக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். “ஒரு வயல்ல ஆடுதுறை 43, இன்னொரு வயல்ல பொன்னி நட்டு, ஒண்ணுக்கு மட்டும் உரம் போட்டுட்டு, உரத்தால வந்த விளைச்சல்னு சொன்னா எவன் நம்புவான்?” என்றார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் இருந்து நம் பக்கத்தில் இருக்கிறது. வயலைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிப்பதைப் பார்த்த விவசாயிக்கு இது புதிதல்ல.

ஆகவே ஒவ்வொரு கொடியின் எலிகளையும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். மூன்று கொடிகளுக்குக் குறைந்து எந்த முடிவும் சொல்லாதீர்கள். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் பேசலாம். அளவெடுக்கிறவருக்கு எந்தக் கூண்டு மருந்துக் கூண்டு என்று தெரியக் கூடாது. எத்தனை எலி வேண்டும் என்பதைப் புள்ளியியல் தெரிந்தவரோடு உட்கார்ந்து முன்பே போடுங்கள். தேவைக்குக் குறைவான எலியில் செய்து முடிவில்லாமல் போனால், அத்தனை எலியும் வீணாகச் செத்ததாகும்.

வேதனையைக் கண்டுகொள்வது

மனித டி செல்கள் எலியைத் தாக்கத் தொடங்கினால் முதலில் எடை குறையும். அப்புறம் முதுகு கூனும், ரோமம் சிலிர்த்து நிற்கும், மூலையில் ஒடுங்கும். ரத்த வெள்ளணு செலுத்திய எலிகளில் இது வரும் என்று தெரிந்தே வேலை செய்கிறோம், ஆகவே பொறுப்பும் கூடுகிறது. வாரம் மூன்று முறையாவது எடை போடுங்கள், எடை இறங்கத் தொடங்கினால் தினமும். தொடக்க எடையில் 20 சதவீதம் குறைந்தால் அந்த எலியை வலியின்றி முடித்துவிடுவது பொதுவான எல்லை. ‘இன்னும் இரண்டு நாள் விட்டால் ஒரு அளவு கிடைக்கும்’ என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். எலி சுருண்டு கிடக்கும் கூண்டை உங்களுக்கு முன் பராமரிப்பாளர் பார்த்துவிடுவார். அவர் சொன்னால் உடனே போங்கள். விலங்குக் கூடத்தில் முப்பது வருஷம் இருக்கும் பராமரிப்பாளரின் கண் எந்தக் கருவியையும்விட முந்தியது. அவரை அண்ணன் என்று கூப்பிட்டு, அவரோடு உட்கார்ந்து டீ குடித்து, அவர் பார்ப்பதை எப்படிப் பார்க்கிறார் என்று கற்றுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சொல்லலாம்

முடிவு எழுதும்போது இந்த எலியால் முடியாதவற்றையும் எழுதுங்கள். மூலச் செல் எலியில் மனித டி செல்கள் எலியின் தைமஸில்தான் பாடம் படிக்கின்றன. ஆகவே மனித உடம்பில் பழகும் அளவுக்கு அவை பழகியிருக்காது. ஐஎல்2ஆர்ஜி இல்லாததால் நிணநீர் முடிச்சுகள் சரியாக உருவாகாது. தடுப்பூசி போட்டால் வரும் எதிர்ப்பொருள் பெரும்பாலும், முதலில் தோன்றும் ஐஜிஎம் வகையோடு நின்றுவிடும், முதிர்ந்த ஐஜிஜி குறைவு. மனிதச் சிவப்பணுக்களை எலியின் விழுங்கு செல்கள் அழித்துவிடும். எனவே சிவப்பணுவுக்குள் வளரும் மலேரியாக் கிருமியை ஆராய்கிறவர் மனிதச் சிவப்பணுவைத் திரும்பத் திரும்பச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தடுப்பூசி இந்த எலியில் வேலை செய்யவில்லை என்றால் மனிதரில் செய்யாது என்று எழுதிவிட முடியாது.

கடைசி நாளில் எலியை முடித்ததும் ரத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மண்ணீரல், மஜ்ஜை, தைமஸ், நுரையீரல், கல்லீரல் எல்லாம் எடுத்துப் பாதியை உறைய வையுங்கள், பாதியை ஃபார்மலினில் போடுங்கள். வேறொருவர் வேறொரு கேள்வியோடு வரும்போது இன்னோர் எலி தேவைப்படாமல் போகலாம். குப்பியின் மேல் எலியின் எண், கொடியின் குறியீடு, வாரம், தேதி நான்கையும் ஆல்கஹாலில் அழியாத பேனாவால் எழுதுங்கள். மீதமிருக்கும் தொப்புள்கொடிச் செல்லில் ஒரு பங்கை திரவ நைட்ரஜனில் போடுங்கள், சம்மதத் தாளில் எத்தனை வருஷம் என்று சொன்னீர்களோ அந்தத் தேதியைப் பெட்டியின் மூடியிலேயே குறித்துவிடுங்கள். அந்த நாள் வந்ததும் அதை அழித்துவிட்டு, அழித்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.